கப்பலில் கழிப்பறை எங்கே?

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' எண்டர்பிரைஸ் விண்கலத்துக்கு வந்த தொழில்நுட்பக் கையேடுகளில் எது அதிகாரபூர்வமானது? 1975-ல் ஃப்ரான்ஸ் ஜோசப் போட்டதா, 1991-ல் ஸ்டெர்ன்பாக்கும் ஒகுடாவும் எழுதியதா? நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று சொல்லாத புத்தகத்தை நம்பவே கூடாது என்கிறார் ஒருவர். இல்லாத கப்பலுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று வீட்டில் திட்டு விழுகிறது.

- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கழிப்பறையைக் கேட்ட அந்த நண்பருக்கு முதலில் ஒரு வணக்கம். உங்கள் கூட்டத்தில் சரியான கேள்வியைக் கேட்டிருப்பவர் அவர்தான்.

யோசித்துப் பாருங்கள். 430 பேர் போகிற கப்பல். ஐந்து வருஷப் பயணம். அந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966 முதல் 1969 வரை 79 அத்தியாயம் ஓடியது. சண்டை, காதல், நீதிமன்ற விசாரணை, வேற்றுக்கிரக வைரஸ் எல்லாம் வந்தது; காலையில் எழுந்து அந்த 430 பேரும் எங்கே போனார்கள் என்று மட்டும் யாரும் காட்டவில்லை. 1987-ல் வந்த அடுத்த தொடரில்தான் பிரிட்ஜுக்கு, அதாவது கேப்டன் உட்கார்ந்து கப்பலை நடத்தும் அறைக்கு, பின்பக்கம் அதற்கென்று ஒரு கதவு வைத்தார்கள். 1989-ல் வந்த ஐந்தாவது படத்தில் ஒருவழியாகக் கண்ணிலேயே காட்டினார்கள், அதுவும் கப்பலின் சிறை அறையில். பக்கத்தில் ஒரு அறிவிப்பு: கப்பல் துறையில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள்! நம் ரயில் பெட்டிகளில், வண்டி நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருந்ததே, அதே அறிவிப்பு. நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கிற கப்பலும் தண்டவாளத்தில் திறந்துவிடுகிற ரகம்தான் என்று அந்தப் படத்தின் கலைக் குழு முடிவு செய்திருக்கிறது. அந்த அறிவிப்பை எழுதியவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொலைக்காட்சிக்குக் கப்பலின் வெளிப்புறம் வேண்டும், உள்ளே நாலைந்து அறை வேண்டும். அவ்வளவுதான். வெளிப்புறத்தை வடிவமைத்த மேட் ஜெஃப்ரிஸ் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர், எந்திரம் தெரிந்தவர். ஆனாலும் வெளிப்புறத்துக்கு ஒரு மாதிரிக் கப்பலும் உள்ளே ஒரு மரச் செட்டும் தனித்தனியாகத்தான் செய்யப்பட்டன. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டவர்தான் ஃப்ரான்ஸ் ஜோசப்.

முழுப் பெயர் ஃப்ரான்ஸ் ஜோசப் ஷ்னாபெல்ட். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கான்வேர் விமானத் தொழிற்சாலையில் பல வருஷம் வடிவமைப்பு வேலை பார்த்த மனிதர். அந்த வேலையை விட்டு வந்தபின், 1973-ல், மகளும் அவளுடைய ரசிகர் மன்றத் தோழர்களும் தொடரில் வரும் கருவிகளை அட்டையிலும் மரத்திலும் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். செய்வதை ஒழுங்காகச் செய்யக் கூடாதா என்று பென்சிலை எடுத்தார். 1975-ல் பாலன்டைன் பதிப்பகம் அவருடைய எண்டர்பிரைஸ் வரைபடங்களை 12 தாள்களாக வெளியிட்டது, அப்புறம் அதே வருஷம் கையேட்டையும். கையேடு நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கப்பலுக்குள் பவுலிங் விளையாட இடம்கூட வரைந்திருந்தார்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். செட்டில் கேப்டன் நாற்காலியிலிருந்து பார்த்தால், லிஃப்ட் கதவு அவருக்கு இடதுபக்கம் பின்னால் இருக்கிறது. வெளிப்புற மாதிரியிலோ, பிரிட்ஜ் இருக்கும் குமிழுக்கு நேர் பின்னால், கப்பலின் நடுக்கோட்டில், ஒரு சின்ன உருளை. அதுதான் லிஃப்ட் வந்து நிற்கும் குழாய் என்றால் இரண்டும் ஒத்துவராது. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்ன செய்வார்? இருக்கிற இரண்டு உண்மையையும் மாற்றாமல் மூன்றாவதை மாற்றுவார். பிரிட்ஜையே இடதுபக்கமாக 36 பாகை திருப்பி வைத்துவிட்டார்! அதாவது கேப்டன் கர்க் 'முன்னே போ' என்று கட்டளையிடும்போது அவர் முகம் கப்பலின் மூக்கைப் பார்த்து இல்லை, கோணலாக இருக்கிறது.

இதற்கு நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை. எந்தக் கடற்படையிலாவது கேப்டன் பக்கவாட்டில் உட்காருவாரா என்றது ஒரு கட்சி. முன்னால் இருப்பது வெறும் திரை, ஜன்னல் இல்லை, செயற்கை ஈர்ப்பு இருக்கிற கப்பலில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் என்ன என்றது இன்னொரு கட்சி. அந்த உருளை லிஃப்டே இல்லை என்றது மூன்றாவது கட்சி. நான் இரண்டாவது கட்சி. திரையை ஜன்னல் என்று நம்பியவர்களோடு பல வருஷமாகப் பேசிவிட்டேன், மசியவில்லை.

இப்போது 'அதிகாரபூர்வம்' என்கிறீர்கள். ஃப்ரான்ஸ் ஜோசப் புத்தகம் உரிமம் பெற்று வந்தது. பின்னாளில் தொடரின் உரிமையாளர் தரப்பு அதை ஏற்காமல் தள்ளி வைத்தது. ஆனால் 1979-ல் வந்த முதல் படத்தில் வானொலிப் பேச்சில் அவர் கற்பனை செய்த கப்பல்களின் பெயர்களும் எண்களும் காதில் விழுகின்றன. அடுத்த படத்தில் பிரிட்ஜின் கணினித் திரைகளில் அவர் போட்ட கோடுகளே ஓடுகின்றன. படம் எடுக்கத் தேவைப்படும்போது அவர் வேண்டும், பட்டியல் போடும்போது வேண்டாம். இந்த முத்திரையை வைத்து நண்பனோடு சண்டை போடாதீர்கள். அது ஒப்பந்தக்காரர்களின் சங்கதி, கப்பலின் சங்கதி இல்லை.

ஒரு கையேடு நல்லதா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றுதான்: இதில் நான் தப்புக் கண்டுபிடிக்க முடியுமா? அளவு கொடுத்திருக்கிறதா, எடை கொடுத்திருக்கிறதா, நான் கணக்குப் போட்டுப் பார்த்து மறுக்க இடம் இருக்கிறதா?

1991 புத்தகம் இந்தப் பரீட்சையில் அருமையாகத் தேறுகிறது. முதலில் அது 1987-ல் வந்த அடுத்த தொடரின் கதாசிரியர்களுக்காக, அதில் வரும் புது எண்டர்பிரைஸுக்குத் தயாரித்த உள் கையேடு. கப்பலின் நீளம் 642 மீட்டர், 42 தளம் என்று ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் எண் உண்டு. கப்பலின் ஆயுதமான ஃபோட்டான் டார்பிடோவில் 1.5 கிலோ எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும் சரக்கு) என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு 1.5 கிலோ சாதாரணப் பொருள் சேர்ந்து மொத்தம் 3 கிலோவும் ஆற்றலாக மாறுகிறது என்று ஐன்ஸ்டைன் சூத்திரத்தில் போடுங்கள். சுமார் 64 மெகாடன் வரும், அதாவது 6.4 கோடி டன் டி.என்.டி. வெடிமருந்து. 1961-ல் சோவியத் யூனியன் வெடித்துக் காட்டிய ட்சார் குண்டு சுமார் 50 மெகாடன். 24-ம் நூற்றாண்டு ஆயுதம் நம் தாத்தா காலத்து குண்டைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்! இதைப் படித்துக் கொதித்துப்போன ரசிகர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2002-ல் 'ஸ்டார் வார்ஸ்' படக் கப்பல்களை வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டுப் புத்தகத்தில், கர்டிஸ் சாக்ஸ்டன் என்ற வான் இயற்பியலாளர் ஒரு கப்பலின் பீரங்கிக்கு ஒரு வெடிக்கு 200 கிகாடன், அதாவது 2 லட்சம் மெகாடன் என்று எழுதிவிட்டார். டார்பிடோவைப் போல மூவாயிரம் மடங்கு. அன்று மூண்ட நெருப்பு இன்னும் புகைகிறது. இரண்டு புத்தகமும் எண்ணைத் துணிந்து எழுதின. அதனால்தான் சண்டை போட முடிந்தது. நான் இரண்டையும் மதிக்கிறேன்.

விடை இல்லாத இடத்தில் இல்லை என்று ஒப்புக்கொள்வதும் அழகுதான். ஆளை அணு அணுவாகப் பிரித்து அனுப்பும் கருவிக்கு ஹைசன்பர்க் கோட்பாடு (ஒரு துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்பது) குறுக்கே நிற்கிறது என்பதால், 'ஹைசன்பர்க் ஈடுகட்டி' என்று ஒரு பாகத்தை வைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு ஒகுடா, நன்றாகவே வேலை செய்கிறது, நன்றி என்றார். மூன்று பக்கம் புளுகாமல் விட்டதற்கு அவருக்குத்தான் நன்றி.

'ஸ்டார் வார்ஸ்' பக்கம் இன்னொரு கதை. வில்லன் டார்த் வேடரின் எக்ஸிக்யூட்டர் கப்பல் 5 மைல் நீளம், அதாவது 8 கிலோமீட்டர் என்று 80-களின் புத்தகங்கள் முத்திரை குத்திச் சொல்லின. படத்தை நிறுத்தி வைத்து, பக்கத்தில் நிற்கும் 1.6 கிலோமீட்டர் டெஸ்ட்ராயர் ரகப் போர்க்கப்பலோடு ஒப்பிட்டு அளந்த ரசிகர்கள், பதினோரு மடங்குக்குக் குறையாது என்றார்கள். முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு 12.8 ஆனது. அப்புறம் 19 கிலோமீட்டருக்கே வந்துவிட்டது. அளவுகோல் வைத்திருந்தவன் ஜெயித்தான். முத்திரை பின்னாலேயே ஓடிவந்தது.

எனக்கு ஆகாதது பளபளத் தாளில் வரும் புதுப் புத்தகங்கள். இரண்டு பக்கம் விரியும் படம், கீழே அளவுகோல் இருக்காது. நான்கு வரியில் 'சக்திவாய்ந்த எந்திரம்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். எவ்வளவு சக்தி? சொல்ல மாட்டார்கள். பிரிட்டனின் ஹெய்ன்ஸ் நிறுவனம் கார்களைக் கடைசி நட்டு வரை கழற்றி, திரும்ப மாட்டி, அதைப் படமெடுத்துப் புத்தகம் போட்டே பேர் வாங்கியது. அவர்களே 2010-ல் எண்டர்பிரைஸுக்குப் பணிமனைக் கையேடு போட்டபோது ஆசையாகத் திறந்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. கழற்றி மாட்டும் வரிசை இல்லை. ஹெய்ன்ஸ் பெயரைப் போட்டுவிட்டு ஸ்பேனரை ஒளித்து வைத்தால் கோபம் வருமா வராதா?

கற்பனைக்கு எதற்கையா அளவு என்று ஒரு விமரிசகர் முன்பு எழுதினார். இந்தப் பக்கத்திலேயே அவருக்குப் பதில் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். அளவு கொடுத்தவனிடம்தான் வாசகன் எதிர்க்கேள்வி கேட்க முடியும். கேட்க விடாமல் எழுதுவது சுலபம். அதற்குக் கற்பனை என்று பெயர் வைத்து மரியாதை தேடிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் திட்டுகிறவர்களிடம் அந்த 12 தாளைத் தரையில் விரித்துக் காட்டுங்கள். வாங்கப் பணம் ஒன்றுக்குத்தான் என்றால் 1991 புத்தகத்தை வாங்குங்கள். ஓரக் குறிப்புகளில் அந்த இருவரும் ஏன் இப்படி முடிவு செய்தோம் என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். 1975 வரைபடம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் பேரம் பேசாமல் எடுத்துவிடுங்கள்.

நண்பர்களுக்கு ஒரு வேலையும் தருகிறேன். 'ஸ்டார் ட்ரெக்'கில் வரும் வேற்றுக்கிரக இனமான கிளிங்கன்களின் 'இரைப்பறவை' கப்பல் ஒரு காட்சியில் சின்னதாகவும் இன்னொரு காட்சியில் பல மடங்கு பெரிதாகவும் தெரியும். எந்தக் காட்சியை அடிப்படையாக எடுத்தீர்கள், பக்கத்தில் எதை வைத்து அளந்தீர்கள் என்று எழுதி, கணக்கோடு அனுப்பச் சொல்லுங்கள். ஒத்துப்போகாத விடைகளையும் சேர்த்தே போடுகிறேன்.