நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குக் குளிர்கால டயர் எதற்கு?

"நகருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன், சாலைப் பனியை உடனுக்குடன் அகற்றிவிடுகிறார்கள், ஆண்டு முழுவதும் மாற்றாமல் ஓட்டும் ஆல் சீசன் டயர் போதாதா? முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் குளிர்கால டயர் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, போடக்கூடாது. அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, கடை என்று சிறிய காரில் போய்வருபவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வேகம் இல்லாத நகரத்தில் என்ன ஆகிவிடும் என்று யாராவது சொன்னாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. சென்ற பனிக்காலத்தில் ஓர் இறக்கத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்துக் காரை நிறுத்தினேன். நான்கும் குளிர்கால டயர்கள், ஒழுங்காக நின்றது. பின்னால் வந்த பெரிய வண்டி நிற்கவில்லை. சைக்கிள் வேகம்தான் இருக்கும், பிரேக் பிடித்தபடியே வழுக்கி வந்து மோதியது. பின்னிருக்கையில் என் மகள் இருந்தாள். காயம் இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் அவள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இறங்கி வந்தவர் நல்ல மனிதர், கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, டயரும் புதிது" என்றார். புதிதுதான், ஆனால் ஆல் சீசன். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வண்டியைத் திருப்ப முடியும், அவ்வளவுதான். இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும். நகரச் சந்திப்புகளில் வண்டிகள் நின்று நின்று கிளம்புவதால் மிச்சப் பனி தேய்ந்து கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. பனியை அகற்றும் வண்டி போன பிறகும் அந்த வழுக்கல் அங்கேயே கிடக்கும்.

நான் டயர் விற்பவன் அல்ல. பல ஆண்டுகளாக ஆல் சீசனில் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதப்போகிறவர்களே, உங்களுக்கு முன்னால் நின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். நகருக்குள் ஓட்டுபவருக்கு அங்கே விலக்கு இல்லை.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் உள்ள சின்னம் பொறித்திருந்தால், பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள். சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் 'எம் பிளஸ் எஸ்' (M+S) எழுத்துக்குச் சோதனை எதுவும் தேவையில்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்தை மட்டும் குளிர்கால டயருக்கான அடையாளமாக ஏற்பதில்லை. உங்கள் ஊரில் பனி எப்போதாவதுதான் விழும் என்றால், மலைச் சின்னம் உள்ள, ஆண்டு முழுவதும் ஓட்டக்கூடிய ஆல் வெதர் டயரே போதும். அது ஆல் சீசன் அல்ல, கடையில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காரின் கூரையில் கிடக்கும் பனியைத் தள்ளாமல் கிளம்புகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அது பலகையாகப் பெயர்ந்து பின்னால் வருபவரின் முன்கண்ணாடியில் விழுகிறது. சில நிமிடச் சோம்பலுக்காக இன்னொருவரின் கண்ணை மறைக்கிறார்கள்.

இரண்டு டயர் மட்டும் ஏன் கூடாது? முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக்கைத் தொட்டால் பின்பகுதி விலகி வண்டியே சுழன்றுவிடும். நான்குக்கும் இப்போது பணம் இல்லையென்றால், வாங்கும்வரை பனி நாட்களில் பஸ்ஸில் போங்கள்.