காதால் படித்தால் கணக்கில் சேருமா?

கேள்வி: ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. கண் சீக்கிரம் களைத்துவிடுவதால் ஒலிப்புத்தகம் கேட்க ஆரம்பித்தேன், இப்போது விட முடியவில்லை. ஆனால் பாதியில் தூங்கிவிடுகிறேன், கதை எங்கோ போய்விடுகிறது. அதோடு, இதைப் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். நாமெல்லாம் கதையை முதலில் காதால்தானே வாங்கினோம், எழுத்துக்கூட்டிப் படித்தது அப்புறம்தான். 1930களிலேயே பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டில் வந்தன, ஒரு நாவலை முடிக்கத் தட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

சரி, தூக்கம். பெரும்பாலான செயலிகளில் ஸ்லீப் டைமர் இருக்கும். 15 நிமிஷம் வைத்துவிட்டுப் படுத்தால், நீங்கள் தூங்கினாலும் அது தானே நின்றுவிடும், மறுநாள் கொஞ்சம் பின்னே தள்ளிக் கேட்டால் போதும். என் வழக்கம் வேறு: படுக்கையில் ஏற்கெனவே படித்த புத்தகம், புதுசு எல்லாம் துணி மடிக்கும்போது. கை வேலையாக இருந்தால் மனசு அலைவதில்லை. வாசிப்பவர் அவசரக்காரர் என்றால் வேகத்தை 0.9க்குக் குறையுங்கள். குரலே பிடிக்கவில்லையா, தயங்காமல் மூடிவிடுங்கள், எவ்வளவு நல்ல புத்தகமானாலும் சரி.

காசு செலவழிக்கும் முன் லிப்ரிவாக்ஸ் (LibriVox) என்ற இணையதளத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கியது, காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தருகிறார்கள். சிலர் சுமார்தான், சிலர் அபாரம்.