அப்பாவின் ஒலிம்பஸ் டிரிப் 35 கேமராவில் பேட்டரி போட இடமே இல்லை. பட்டனை அழுத்தினால் சிவப்பாக ஏதோ எழும்புகிறது. பழுதா?

பழுதாக இருக்காது. வீட்டுக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் அழுத்தியிருப்பீர்கள். லென்ஸ் வளையத்தைத் தானியங்கி நிலையான 'ஏ'யில் வைத்து, வாசலுக்கு வந்து அழுத்துங்கள், ஷட்டர் விழும். பிறகு ஃபிலிமைச் சுற்றிவிட்டு, லென்ஸை உள்ளங்கையால் மூடி அழுத்துங்கள். சிவப்பு மறுபடி எழ வேண்டும். இரண்டும் நடந்தால் வெளிச்சத்தை அளக்கும் செல் உயிரோடு இருக்கிறது. அதற்குள் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

லென்ஸைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறதே, அதற்கடியில் இருப்பது செலினியம் செல். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும். அதில் உள்ளே ஒரு முள் நகரும். பட்டனை அழுத்தும்போது அந்த முள் நின்ற இடத்திலேயே கவ்வப்படும். அதைப் பொறுத்து லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவும், 1/40 அல்லது 1/200 நொடி வேகமும் அமையும். துவாரம் அதன் முழு அளவான 2.8 வரை திறந்தும் வெளிச்சம் போதாவிட்டால், சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ளும். ஃபிலிம் வீணாகாது.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த இதே கேமராதான் எங்கள் வீட்டில் அம்மாவின் கைக்கு வந்த முதல் கேமரா. அதற்கு முன் இருந்ததை அப்பா தொடவிட மாட்டார். எண்கள் உனக்குப் புரியாது என்பார். இதிலோ தூரத்துக்குக்கூட எண் பார்க்க வேண்டியதில்லை: ஓர் ஆள், இரண்டு ஆள், கூட்டம், மலை என்று படங்கள். "அண்ணி, பக்கத்தில் என்றால் ஓர் ஆள், தூரத்தில் என்றால் மலை" என்றார் சித்தப்பா. பாடம் முடிந்தது. அடுக்களையில் சிவப்பு எழுந்தால், "அதற்குக் கண் சிவந்துவிட்டது, எல்லோரும் திண்ணைக்கு வாருங்கள்" என்று மாவுக் கையோடு எங்களை இழுத்து வருவார் அம்மா. எங்கள் ஆல்பத்தில் முகம் தெளிவாக விழுந்த படங்கள் எல்லாம் அவர் எடுத்தவை.

உடனே ஒருவர் வந்து, வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே அமைத்துக்கொள்ளும் முதல் கேமரா 1938இல் வந்த கோடக் சூப்பர் சிக்ஸ்-20 என்பார். தெரியும் ஐயா. அன்றைய 225 டாலரை எந்த வீட்டு அம்மா கொடுத்திருப்பார்? இன்னொருவர், வேகத்தை நாமே வைக்க முடியாதது ஒரு கேமராவா என்பார். அந்த வாதத்தை அப்பாவிடமே நிறையக் கேட்டுவிட்டேன்.

ஃபிலிமின் ஏ.எஸ்.ஏ. எண்ணை, அதாவது அதன் ஒளி உணர்திறனைச் சொல்லும் எண்ணை, லென்ஸ் வளையத்தில் மறக்காமல் வையுங்கள். கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சென்ற ஆண்டு நான் கொடுத்த கடையில் ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு, நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, "அதை வைத்து என்ன சார் செய்யப் போகிறீர்கள்?" என்றார் அந்தப் பையன். காசையும் குறைக்கவில்லை.