மன்னராட்சிகளைப் பற்றிப் படிக்க விரும்பும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிளஸ் டூ முடிக்கப்போகும் உங்கள் மகள் பொறியியல் வேண்டாம், அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலும் இன்றும் மன்னர்கள் ஆளும் நாடுகளைப் பற்றியே ஆராய வேண்டும் என்கிறாளாம். "ராஜாக்கள் காலமெல்லாம் மலையேறிவிட்டது, இதைப் படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்ற உங்கள் கேள்வியின் பின்பாதியில் நியாயம் இருக்கிறது. முன்பாதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அரசின் தலைமையில் மன்னர் ஒருவர் இருக்கிறார். கனடா, ஆஸ்திரேலியா உட்பட 15 நாடுகளுக்கு மூன்றாம் சார்லஸ் ஒருவரே மன்னர். வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளும் மன்னராட்சிகள்தான். உங்கள் மைத்துனர் மஸ்கட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறீர்கள், அவரையே கேட்டுப்பாருங்கள். முன்பெல்லாம் ஓமானில் பழைய முதலாளி என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் வேறு கம்பெனிக்கு மாற முடியும். கொடுக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல், ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் அந்தச் சான்று இல்லாமலே மாறலாம் என்றானது. இத்தனை குடும்பங்களின் வாழ்க்கையை மாற்றிய அந்த முடிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தில் விவாதித்து வாக்கெடுத்து வந்ததல்ல. அரசின் நிர்வாக ஆணையாக வந்தது. அந்த ஆணை எங்கே பிறக்கிறது, யார் காதில் போட்டால் மாறும் என்று தெரிந்தவர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. உங்கள் மகள் படிக்க நினைப்பது இதைத்தான்.

இனி வருவதை மகளும் படிக்கட்டும். பாடப்புத்தகம் முழு அதிகார மன்னராட்சி, அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும். சவூதி அரேபியா, புருணை, எஸ்வாட்டினி ஒரு பக்கம். பிரிட்டன், ஜப்பான், ஸ்வீடன் மறுபக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்தத் துறையில் பிழைக்க நினைப்பவர்கள் கேட்க வேண்டியது வேறு: கையெழுத்து யாருடையது? அவர் போட மறுத்தால் என்ன ஆகும்? அவர் இறந்தால் அடுத்தவரை யார் தீர்மானிப்பார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தேடினால், ஒரே பக்கத்தில் நிற்கும் இரண்டு நாடுகள்கூட ஒன்றுபோல இல்லை என்பது புரியும்.

மாமா இருக்கும் ஓமானிலிருந்தே தொடங்கலாம். அங்கே 1996இல் அடிப்படைச் சட்டம் எழுதப்பட்டது. ஆக, எழுத்து வடிவில் ஓர் அரசியலமைப்பு உண்டு. ஆனாலும் அப்போது ஆண்ட சுல்தான் காபூஸ்தான் பிரதமராகவும் இருந்தார். பாதுகாப்பு, வெளியுறவு, நிதி ஆகிய பொறுப்புகளும் அவரிடமே இருந்தன. அவருக்கு வாரிசு இல்லை. மூன்று நாட்களுக்குள் அரச குடும்பம் ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டும், முடியாவிட்டால் சுல்தான் எழுதி மூடி முத்திரையிட்ட கடிதத்தைத் திறக்க வேண்டும் என்பது விதி. 2020 ஜனவரியில் அவர் மறைந்தபோது, குடும்பத்தினர் விவாதத்துக்கே போகாமல் கடிதத்தைத் திறக்கச் சொன்னார்கள். உறை பிரிக்கப்பட்டதை அந்நாட்டுத் தொலைக்காட்சி காட்டியது. உள்ளே இருந்த பெயர் ஹைதம் பின் தாரிக். அவர் ஓராண்டிலேயே புதிய அடிப்படைச் சட்டம் கொண்டுவந்து, பட்டத்து இளவரசர் என்ற பதவியை ஏற்படுத்தி, அடுத்த வாரிசு யார் என்ற ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தார். முதலீடு செய்பவர்களும் கடன் கொடுக்கும் வங்கிகளும் இத்தகைய மாற்றங்களை உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள்.

இப்போது பெல்ஜியத்துக்கு வாருங்கள். 1990இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கருக்கலைப்பை ஓரளவு அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மன்னர் பொதுவான் பக்தியுள்ள கத்தோலிக்கர். மனசாட்சி இடம்கொடுக்காது, கையெழுத்திட மாட்டேன் என்று பிரதமருக்கு எழுதிவிட்டார். மன்னர் ஒப்புதல் இல்லாமல் சட்டம் செல்லாது. மக்கள் பிரதிநிதிகளின் முடிவை மன்னர் தடுத்தார் என்றாலும் நெருக்கடிதான். அமைச்சரவை அரசியலமைப்பைப் புரட்டி ஒரு வழி கண்டது. மன்னர் ஆள இயலாத நிலையில் இருந்தால் அவருடைய அதிகாரத்தை அமைச்சரவை செலுத்தலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி மன்னர் ஆள இயலாதவர் என்று அறிவித்தார்கள். அமைச்சர்களே சட்டத்தில் கையெழுத்திட்டார்கள். 5ஆம் தேதி நாடாளுமன்றம் கூடி அவரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தியது. மன்னரின் மனசாட்சிக்கும் பழுதில்லை, சட்டமும் தடைபடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு இது. சட்ட மூளை என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

ஐரோப்பா என்றாலே மன்னர் பொம்மைதான் என்றும் எண்ணிவிட வேண்டாம். லிச்சன்ஸ்டைன் மக்கள் 2003இல் வாக்களித்து, நாட்டை ஆளும் இளவரசரின் அதிகாரத்தைக் கூட்டினார்கள். 2012இல் அவருடைய தடுப்பதிகாரத்தை (வீட்டோ) குறைக்கலாமா என்று கேட்டபோது ஏறத்தாழ 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். குவைத்தில் மக்களிடம் வாக்குக் கேட்காமலே ஆட்சியாளரின் அதிகாரம் கூடியது. வளைகுடாவிலேயே துணிச்சலான நாடாளுமன்றம் என்று பெயர் வாங்கியிருந்ததை 2024 மே மாதம் அந்நாட்டு மன்னரான அமீர் கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் நிறுத்திவைத்தார். பூட்டானில் நான்காம் மன்னர் தாமே முன்வந்து அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார். 2008 அரசியலமைப்பின்படி அங்கே மன்னருக்கு 65 வயதில் ஓய்வு.

தமிழ்ப் பிள்ளை ஒருத்தி எடுத்து ஆராய மிகப் பொருத்தமான நாடு மலேசியா என்பது என் கருத்து. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாதாரண நாட்களில் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பவர். 2022 நவம்பர் தேர்தலில் 222 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பெரும்பான்மையின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிக்கலாம் என்கிறது 43ஆவது பிரிவு. கட்சித் தலைவர்களை அரண்மனைக்கு அழைத்துப் பேசி, தேர்தல் முடிந்த ஐந்தாம் நாள் அன்வார் இப்ராகிமை அவர் நியமித்தார். அங்கே தமிழில் நாளிதழ்கள் வருகின்றன, நாடாளுமன்றத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் மூலச் செய்திகளைத் தாய்மொழியிலேயே படிக்கலாம். வேறு மாநிலத்து மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு எளிதில் அமையாது.

இனி வேலைக்கு வருகிறேன். மழுப்பாமல் சொல்கிறேன்: வெறும் பி.ஏ. அரசியல் அறிவியல் பட்டத்தோடு நின்றால், படிப்புக்கேற்ற வேலை கிடைப்பது கடினம். இந்தப் பாதையில் சம்பளம் தாமதமாகத்தான் வரும். பட்ட மேற்படிப்பு வரை ஐந்தாண்டுகள் தாங்கக் குடும்பத்தால் முடியுமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்றால் தனியார் கல்லூரியைத் தவிர்த்து அரசுக் கல்லூரி அல்லது மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

தாங்க முடியும் என்றால் கதவுகள் பல. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளிலேயே இந்திய அரசியலமைப்பைப் பிற நாடுகளுடையதோடு ஒப்பிடுவது பாடத்திட்டத்தில் இருக்கிறது. விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் எடுப்பவர்களுக்கு ஒப்பீட்டு அரசியல் ஒரு முக்கியப் பகுதி. வெளியுறவுப் பணிக்குத் தேர்வானால் ஓர் அயல்மொழி கட்டாயம். அரபு அவற்றில் ஒன்று. ஆனால் அந்தத் தேர்வை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு என் முதல் பரிந்துரை. பெல்ஜிய அமைச்சரவை செய்ததுபோல ஒரு பிரிவைப் படித்து வழி கண்டுபிடிக்கும் திறமைக்குச் சட்டத்துறையில் விலை உண்டு. குடிமைப் பணித் தேர்வில் தோற்றாலும் கையில் தொழில் இருக்கும். ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி என்றால் முதுகலைக்குப் பின் நெட் தேர்வு. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மேற்கு ஆசிய ஆய்வுகளுக்கெனத் தனி மையமே இருக்கிறது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு நாடுகளின் அரசியல் நிலவரத்தை எடைபோட்டுச் சொல்லும் பணியும் உண்டு. அதற்கு மொழியோடு புள்ளியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பாதை என்றாலும் முதல் ஆண்டிலேயே அரபு கற்கத் தொடங்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் அரபுத் துறைகள் இருக்கின்றன. மூன்றாண்டுகள் மொழியை விடாமல் படித்தவளுக்கும் வெறும் பட்டத்தோடு வருபவளுக்கும் நேர்முகத் தேர்வில் பெரிய வேறுபாடு இருக்கும்.

பொதுத்தேர்வு முடிந்ததும் அவள் ஒரு வேலை செய்யட்டும். ஓமானின் வாரிசு ஏற்பாட்டையும் மலேசியாவின் 43ஆவது பிரிவையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் உதவ வேண்டாம். அதை மதிப்பெண் பட்டியலோடு எனக்கு அனுப்பிவையுங்கள். சட்டமா, அரசியல் அறிவியலா என்பதை அதைப் படித்துப் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்கிறேன்.