அம்பாசடரில் சுத்தமாகக் கரண்ட் இல்லை: முழு வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1984 மாடல் மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி, எங்களிடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் டிங்கரிங் பார்த்து, பானட்டுக்கு உள்பக்கமும் சேர்த்து முழுக்கப் பெயிண்ட் அடித்தோம். அதன் பிறகும் நன்றாகவே ஓடியது. போன வாரம் நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இல்லை, ஹாரன் இல்லை, ஹெட்லைட் இல்லை, டேஷ்போர்டின் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. மெக்கானிக் வேறு நல்ல பேட்டரி வைத்துப் பார்த்தார், அப்போதும் அப்படியே. "உள்ளே வயரிங் எரிஞ்சிருக்கும், முழுசா மாத்தணும், டைனமோவையும் பிரிச்சுப் பார்க்கணும்" என்று 32 ஆயிரம் ரூபாய் சொல்கிறார். முன்பணம் கொடுத்துவிடலாமா?
வாசகர், காரைக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு சோதனை செய்த பிறகு முடிவெடுங்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

வீட்டில் ஒரு குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அந்தக் குழாயைப் பார்ப்போம். எல்லாக் குழாயிலும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் மாடிக்குப் போய்த் தொட்டியையும் கேட் வால்வையும்தான் பார்ப்போம். வண்டியும் அப்படித்தான். செல்ஃப், ஹாரன், ஹெட்லைட் மூன்றுக்கும் வயர் தனித்தனியே போகிறது. மூன்று வயரும் ஒரே இரவில் எரிந்துபோக வேண்டுமானால் வண்டிக்குள் புகை வந்திருக்கும், நாற்றம் அடித்திருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. ஃபியூஸ் போயிருக்குமா என்றால், அதற்கும் வாய்ப்புக் குறைவு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியில் வந்த இந்த வண்டிகளின் பழைய லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனம்) பாணி வயரிங்கில் பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஃபியூஸ் போனால் ஹாரன் போகும், வைப்பர் போகும். ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். டைனமோவை இதில் இழுக்கவே வேண்டாம். இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுவதுதான் அதன் வேலை. நின்றிருக்கும் வண்டியில், நல்ல பேட்டரி வைத்தும் ஹாரன் அடிக்காததற்கு டைனமோ காரணமாக முடியாது.

ஆக, எல்லாவற்றுக்கும் பொதுவான இடங்கள்தான் மிச்சம்: பேட்டரி, அதன் இரண்டு டெர்மினல், பாடிக்குப் போகும் எர்த் கேபிள் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி), செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சொலினாய்டுக்குப் போகும் தடித்த கேபிள், அதே போல்ட்டிலிருந்து உள்ளே கிளம்பும் பழுப்பு நிற வயர். பேட்டரியை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மற்றவற்றில் என் முதல் சந்தேகம் எர்த் மேல்தான். காரணம், நீங்கள் அடித்த பெயிண்ட்.

பெயிண்ட் கடையில் எர்த் கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்திலும் சேர்த்தே ஸ்ப்ரே அடித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. காய்ந்த பிறகு கேபிளின் காதை, அதாவது முனையில் உள்ள வளையத்தை, அந்தப் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கிவிடுவார்கள். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. கொஞ்ச நாளைக்கு போல்ட்டின் மரை வழியாக மட்டும் கரண்ட் போய்வரும், அதனால் வண்டி ஓடும். மழை ஈரம் இறங்கி மரை துருப்பிடித்ததும் அதுவும் நின்றுவிடும். மூன்று மாதம் ஓடிவிட்டு மழைக்குப் பிறகு படுத்தது என்ற உங்கள் கணக்கு இதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

சோதனை இதுதான். முதலில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பில் பாசிட்டிவ் பாடிக்குப் போன வண்டிகளும் உண்டு. உங்களுடையது நெகட்டிவ் என்று வைத்துச் சொல்கிறேன். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டுங்கள். மறுமுனையை, பாடியில் ஒரு போல்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும் இடத்தில் கவ்வ விடுங்கள். இப்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். எரிந்துவிட்டால் உங்கள் 32 ஆயிரம் தப்பித்தது.

செலவு ஒரு உப்புத்தாளும் அரை மணி நேரமும். எர்த் போல்ட்டைக் கழற்றி, பாடியிலும் கேபிள் காதிலும் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, நன்றாக முடுக்கி, அதன் மேல் வாஸலின் தடவுங்கள். பேட்டரி டெர்மினலையும் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். வெளியே சுத்தமாக இருக்கும், உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவுங்கள். கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "மீட்டர் வைத்தேன், 12.6 காட்டுகிறது, எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. துருப்பிடித்த மரை வழியாகக்கூட அதற்கு 12 வோல்ட் கிடைத்துவிடும். லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பாடியின் வெறும் இரும்பிலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 10, 12 என்று காட்டினால் அந்த இடத்திலேயே எல்லா வோல்ட்டும் தொலைகிறது என்று அர்த்தம்.

ஜம்பர் போட்டும் உயிர் வரவில்லை என்றால் பாசிட்டிவ் பக்கம் போங்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் சேர்த்தால் அதுவே டெஸ்ட் லேம்ப். ஒரு வயர் எர்த்தில் இருக்கட்டும். மற்றதால் பேட்டரி பாசிட்டிவ் முனை, அதன் கிளாம்ப், சொலினாய்டு போல்ட், பழுப்பு வயரின் அடுத்த இணைப்பு என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். பல்பு பிரகாசமாக எரிந்த கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

முழு வயரிங் மாற்றுவது எப்போதும் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. வயரை மடித்தால் மேல்தோல் உடைந்து கொட்டுகிறது, டேப் சுற்றிய ஒட்டுகள் உருகியிருக்கின்றன, 90/100 வாட் பல்புகளை ரிலே (பெரிய கரண்டைத் தான் சுமந்து, கை சுவிட்சைக் காக்கும் தனி சுவிட்ச்) இல்லாமல் மாட்டியிருக்கிறார்கள் என்றால் மாற்றத்தான் வேண்டும். 100 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுவிட்ச் வழியாகப் போவது 16 ஆம்பியருக்கு மேல். பழைய சுவிட்ச் தாங்காது. அப்படி மாற்றினால் பழைய வயர் நிறங்களே வரவேண்டும், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸும் ரிலேயும் இருக்க வேண்டும், கழற்றிய பொருள்களைத் திருப்பித் தரவேண்டும் என்று எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் சிவப்பு வயரையே இழுத்துவிட்டால் அடுத்த முறை கோளாறு பார்ப்பவர் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் துடைப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடை பில்லோடு அதைக் காட்டி, சரிசெய்த செலவை உரிமையோடு கேட்கலாம். பில் கேட்டும் தரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிக நடைமுறை. பேசியும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்; வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.