பதினோராவது கட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருப்பூரில் சிறிய நிட்டிங் யூனிட் நடத்துகிறேன். வயது 48. மகள் படிப்புக்காகச் சென்னை சென்றபின் அவளுடைய கீபோர்டு வீட்டில் சும்மா கிடந்தது. சென்ற ஆவணியில் ஓர் ஆசிரியையிடம் பியானோ கற்கச் சேர்ந்தேன். எனக்கு முன்னும் பின்னும் வகுப்புக்கு வருபவர்கள் பத்து வயதுக் குழந்தைகள். 32 கட்டங்கள் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் சிறு பகுதிகள்) கொண்ட ஓர் எளிய இசைத்துண்டை நான்கு மாதங்களாக வாசிக்கிறேன். தினமும் முதலிலிருந்து தொடங்குகிறேன். பதினோராவது கட்டத்தில் இடதுகை நின்றுவிடுகிறது. "இந்த நேரத்துக்குக் கம்பெனிக்காச்சும் ஒருக்கா போயிட்டு வரலாமுங்க" என்கிறார் மனைவி. இந்த வயதில் இது என்னை ஏதேனும் ஒரு வகையில் வளர்க்குமா, அல்லது வெறும் ஆசைதானா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் 'முதலிலிருந்து' என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன். நானும் 53 வயதில்தான் கோவையில் ஒரு பியானோ வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியைக்கு என் மகளைவிட வயது குறைவு. மூன்று மாதங்கள் பொறுமையாகக் கேட்டிருந்த அவர், ஒருநாள் என் கையைக் கட்டைகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, "தெரிஞ்சதையேதானுங்க சார் வாசிச்சுட்டு இருக்கறீங்க" என்றார். தடுக்கும் இடம் வந்ததும் நான் சட்டென்று தொடக்கத்துக்கு ஓடிவிடுவேன். அதை உழைப்பு என்றே நம்பியிருந்தேன். நாற்பது முறை தொடங்கினால் முதல் கட்டம் நாற்பது முறை மெருகேறுகிறது. பன்னிரண்டாவது கட்டம் பிறப்பதே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் மேஜையின் அடியில் கிடந்த கைப்பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். முடிக்காமல் விட்ட மூன்று நாவல்கள். மூன்றிலும் முதல் அத்தியாயம் பத்துப் பன்னிரண்டு முறை திருத்தி எழுதப்பட்டிருந்தது. மூன்றும் கதை இறுகத் தொடங்கும் இடத்தில் நின்றிருந்தன. இருபத்தைந்து ஆண்டுகளாக என் விமர்சகர் எவரும், நானும்கூட, கண்டுகொள்ளாத ஒன்றை ஓர் இசைக்கருவி மூன்று மாதத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது. பியானோ என்னை வளர்த்ததா என்று கேட்டால் என்னிடம் இருக்கும் ஒரே சான்று இதுதான்.

இதை உங்கள் தொழிலில் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி பழுதானால் துணியில் நீளவாக்கில் கோடு விழுகிறது. அப்போது நீங்கள் மிஷினை நிறுத்தி, அந்த ஓர் ஊசியைத் தேடி மாற்றுவீர்களே தவிர, நூலை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கமாட்டீர்கள். அப்படியிருக்க, மாலையில் கீபோர்டின் முன் அமர்ந்ததும் ஏன் அதையே செய்கிறீர்கள்? நல்ல ஒலி காதில் விழவேண்டும் என்ற ஆசையும், பக்கத்து அறையில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சமும்தான் காரணம் என்பது என் அனுபவம். இருபது ஆண்டுகள் முதலாளியாக இருந்தவருக்கு, பிறர் காதில் விழும்படி ஒன்றைத் தவறாகவும் மெதுவாகவும் செய்வது எளிதல்ல. பத்து வயதுக் குழந்தைக்கு அந்தக் கூச்சம் குறைவு. விரல்களின் இளமை அதற்கு அடுத்ததுதான்.

எனக்குச் சொல்லப்பட்ட முறையைச் சொல்கிறேன். கடைசிக் கட்டத்தை மட்டும் வாசியுங்கள். அது வந்தபின் அதற்கு முந்தையதைச் சேர்த்து இரண்டையும் வாசியுங்கள். இப்படிப் பின்னாலிருந்து வந்தால், ஒவ்வொரு முறையும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குச் செல்வீர்கள். பதினோராவது கட்டத்துக்கு இடதுகை மட்டும் போதும், பாதி வேகத்தில், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். இன்று வராதது நாளைக் காலையில் சற்று இளகியிருப்பதைக் காண்பீர்கள். விரல்கள் கற்றது உறக்கத்தில் உறுதிப்படுகிறது என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

இடதுகை பற்றி இன்னும் கொஞ்சம். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த நம் செவிக்கு பியானோ முதலில் ஏமாற்றமே தரும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் இழைந்து செல்ல அதில் வழியில்லை, கமகத்துக்கு இடமில்லை. ஆனால் இரு கைகளும் ஒரே நேரத்தில் இரு வேறு பேச்சுகளைப் பேச அதில் முடியும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தன் மாணவர்களுக்காக எழுதி 1723இல் தொகுத்த, இரு குரல்கள் கொண்ட 15 சிறு துண்டுகளில் இடதுகை வலதுகைக்கு எடுபிடி அல்ல. வலதுகை சொன்னதை அது திருப்பிச் சொல்கிறது, சில இடங்களில் முந்திக்கொள்கிறது. அவை உங்களுக்கு இப்போதைக்குக் கடினம், பிறகு வாருங்கள். நம் கைகளில் ஒன்றை நாம் இத்தனை காலம் பேசவே விடவில்லை என்பது அவற்றை வாசிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பியானோ கற்பவர்கள் படிப்படியாக எழுதும் கிரேடு தேர்வுகளுக்கு அவசரப்படாதீர்கள். எட்டு கிரேடுகள் இருக்கின்றன, குழந்தைகளுக்கு அவை நல்ல படிக்கட்டு. கணக்குப் பார்த்தே பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அவை இன்னொரு கணக்கு நோட்டாகிவிடும்.

கருவியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி என்ற இசைக்கருவிக் கலைஞர் உருவாக்கிய பியானோவின் புதுமையே, கட்டையை அழுத்தும் விசைக்கேற்பச் சிறு சுத்தியல் கம்பியை மெதுவாகவோ ஓங்கியோ தட்டுவதுதான். கம்பியைத் தொடும் முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பின் விரல் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது. அந்தத் தொடுகையை இலேசான கட்டைகள் கொண்ட கீபோர்டில் பழகமுடியாது. உங்கள் மகளுடையது அப்படிப்பட்டதானால், அடுத்த ஆண்டும் இந்த ஆசை நீடிக்கும்போது, எடைகொண்ட 88 கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்குங்கள். மரப் பியானோ இப்போது வேண்டாம். காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் அதன் சுருதி நகரும், அடிக்கடி ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். எதை வாங்கினாலும் கம்பெனியை ஒட்டிய அறையில் வைக்காதீர்கள். பஞ்சுத் தூசி கட்டைகளின் இடுக்கில் இறங்கிவிடும்.

அன்புடன்