குசினித் திரைக்கு வெப்சொக்கற் தேவையில்லை

தம்பி, திருநெல்வேலிச் சாப்பாட்டுக் கடையின் குசினித் திரை 5 செக்கனுக்கு ஒருமுறை புது ஓடர் இருக்கா என்று சேர்வரைக் கேட்பதால் எல்லாம் இழுபடுகிறது, சேர்வரும் பிரவுசரும் இணைப்பைத் திறந்தே வைத்துப் பேசிக்கொள்ளும் வெப்சொக்கற்றுக்கு (WebSocket) மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது சற் (chat) மாதிரி இரண்டு பக்கமும் பேசுகிற இடத்துக்கு. உங்களுக்குச் செய்தி ஒரு பக்கமாகத்தான் வருகிறது. புதிது வந்ததும் சேர்வரே திரைக்கு அனுப்பிவிடுகிற சேர்வர் சென்ற் ஈவென்ற்ஸ் (Server-Sent Events) போதும், சாதாரண எச்.ரி.ரி.பி.யிலேயே ஓடும்.

ஒவ்வொரு ஓடரையும் ஐடி போட்டே அனுப்புங்கள். லைன் அறுந்தால் பிரவுசர் தானாகத் திரும்ப இணைந்து, கடைசியாகக் கிடைத்த ஐடியைச் சொல்லும். அதற்குப் பிறகு வந்தவற்றைச் சேர்வர் அனுப்பவேண்டும். கரண்ட் போய் வந்தால் அந்த ஐடி இருக்காது. ஆகவே பக்கம் திறந்ததும் முடியாத ஓடர்களை டேட்டாபேஸிலிருந்து எடுங்கள். ஒருவருடைய கொத்துரொட்டிகூடத் தவறக்கூடாது. சேர்வருக்கு முன்னால் இடையில் நின்று கடத்திவிடும் என்ஜின்எக்ஸ் (nginx) இருந்தால், பதிலைச் சேர்த்துவைத்து அனுப்புகிற அதன் பஃபரிங்கை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் செய்தி தேங்கி நிற்கும்.